மஞ்சளும் சிவப்பும்: கால்பந்து நடுவருக்கான எச்சரிக்கை மற்றும் வெளியேற்ற நடைமுறை – முழுமையான வழிகாட்டி

1966 ஜூலை 23 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் உலகக் கோப்பைக் காலிறுதி நடந்துகொண்டிருந்தது. ஜெர்மானிய நடுவர் ருடால்ஃப் கிரைட்லைன், அர்ஜென்டினா அணித்தலைவர் அந்தோனியோ ரட்டீனை மைதானத்தை விட்டு வெளியேறச் சொன்னார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. ரட்டீன் வெளியேற மறுத்து, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நின்றார். ஆட்டம் பல நிமிடங்கள் நின்றுபோனது. அதே ஆட்டத்தில் இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்கள் எச்சரிக்கப்பட்டிருந்த செய்தி, பத்திரிகையில் வந்த பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது. அந்தப் போட்டித் தொடரின் நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன், வீடு திரும்பும் வழியில் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டின் போக்குவரத்து விளக்குகளைப் பார்த்தபோது, மஞ்சளும் சிவப்பும் எந்த மொழிக்காரருக்கும் புரியும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில், எச்சரிக்கைக்கு மஞ்சள், வெளியேற்றத்துக்குச் சிவப்பு என அட்டைகள் நடைமுறைக்கு வந்தன. அந்தத் தொடரில் சிவப்பு அட்டையை எடுக்க வேண்டிய தேவையே எழவில்லை. உலகக் கோப்பையின் முதல் சிவப்பு அட்டையை 1974-இல் சிலி வீரர் கார்லோஸ் காஸ்ஸெலி பெற்றார்.

இந்த வரலாற்றை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. எச்சரிக்கையும் வெளியேற்றமும் அட்டைகளுக்கு முன்பே இருந்தவை. நடுவர் ஒரு வீரரை எச்சரிக்கிறார், அதைக் குறிப்பேட்டில் பதிகிறார். அட்டை அந்தச் செயலை மைதானத்துக்கும் பார்வையாளர்களுக்கும் தெரிவிக்கிறது. புதிதாக விசில் பிடிக்கும் பலர் இந்த வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அட்டையை உயர்த்துவதே வேலை என்று நினைத்து, யாருக்கு, எதற்காக, எந்த நிமிடத்தில் என்பதைப் பதியாமல் விட்டுவிடுகிறார்கள். ஒழுங்கு நடவடிக்கையின் எடை முழுவதும் அந்தப் பதிவில்தான் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வழிகாட்டியைப் படியுங்கள். இதில் சொல்லப்படும் விதிகள், சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியமான ஐஃபாப் வெளியிட்ட 2025-26 விதிப்புத்தகத்தைச் சார்ந்தவை. மொத்தமுள்ள 17 விதிகளில் 12-ஆவது விதி தப்பாட்டங்களையும் ஒழுங்கீனத்தையும், 5-ஆவது விதி நடுவரின் அதிகாரத்தையும் சொல்கின்றன. இவ்விரண்டையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

முதல் படி: மைதானத்தில் கால் வைக்கும் முன்

நடுவரின் ஒழுங்கு அதிகாரம் தொடக்க விசிலோடு ஆரம்பிப்பதில்லை. ஆட்டத்துக்கு முன்பு மைதானத்தைச் சோதிக்க நீங்கள் உள்ளே நுழையும்போதே அது தொடங்கிவிடுகிறது. ஆட்டம் முடிந்து, பெனால்டி வரிசை இருந்தால் அதுவும் முடிந்து, நீங்கள் மைதானத்தை விட்டு வெளியேறும் வரை நீடிக்கிறது. ஆனால் அட்டை காட்டும் அதிகாரம் ஆட்டத்தைத் தொடங்குவதற்காக உள்ளே வரும்போதுதான் பிறக்கிறது. அதற்கு முன் வார்ம்-அப் நேரத்தில் ஒரு வீரர் எதிரணியினரை அடித்தால், அட்டை காட்டாமலேயே அவரை ஆடவிடாமல் தடுக்கலாம். அணிப்பட்டியல் கொடுக்கப்பட்ட பிறகு, தொடக்க விசிலுக்கு முன் இது நடந்தால், அவருக்குப் பதிலாகப் பட்டியலில் உள்ள மாற்று ஆட்டக்காரர் ஒருவர் ஆடலாம். அணி 11 பேரோடுதான் தொடங்கும், மாற்று வாய்ப்புகளின் எண்ணிக்கையும் குறையாது. தொடக்க விசிலுக்குப் பின் வெளியேற்றப்பட்டவருக்கு மாற்று கிடையாது. ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைவாக ஆகிவிட்டால் ஆட்டத்தைத் தொடரக் கூடாது.

கையில் இருக்க வேண்டியவை எளிமையானவை: இரண்டு அட்டைகள், குறிப்பு அட்டை, எழுதுகோல். மஞ்சளை மேல்சட்டைப் பையிலும் சிவப்பைக் கால்சட்டையின் பின்பையிலும் வைப்பது பலரின் பழக்கம். அவசரத்தில் தவறான நிறம் கைக்கு வந்துவிடாமலிருக்க இது உதவுகிறது. பேனாவைவிடப் பென்சிலே நல்லது என்பது என் அனுபவம். ஐப்பசி மழையில் நனைந்த குறிப்பு அட்டையில் பேனா மை பரவி, 3 என்ற எண் 8 ஆகத் தெரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். குறிப்பு அட்டையை நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் அணியின் பெயரோடு அதன் சட்டை நிறத்தையும் எழுதிவிடுங்கள். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஏன் சின்னதல்ல என்பது பின்னால் தெரியும்.

இரண்டாம் படி: அட்டைக்கு முன்னே உள்ள வழிகள்

விதிப்புத்தகம் மஞ்சள் அட்டையிலிருந்துதான் பேசத் தொடங்குகிறது. நல்ல நடுவர் அதற்கு வெகு முன்பே பேசத் தொடங்குகிறார். முதல் தப்பாட்டம் நடந்தவுடன் அந்த இடத்துக்கு ஓடிப்போய் நிற்பதே ஒரு செய்தி. விசிலின் ஒலியும் ஒரு மொழிதான்: நடுமைதானத்தில் நடந்த லேசான தள்ளலுக்குச் சுருக்கமாக ஒரு ஊதல், கணுக்காலை நோக்கி வந்த காலுக்கு நீண்ட, அழுத்தமான ஊதல். இரண்டையும் ஒரே மாதிரி ஊதினால் வீரர்களுக்கு எல்லை எங்கே என்று தெரியாமல் போகிறது. அடுத்த நிலை, ஓடிக்கொண்டே மெதுவாக, “ஏழாம் நம்பர், அந்தக் கை இன்னொரு முறை வேண்டாம்” என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்வது. அதற்கும் அடுத்தது, ஆட்டத்தை நிறுத்தி, வீரரைத் தனியே அழைத்து, எல்லோரும் பார்க்கும்படி பேசுவது. அணித்தலைவரையும் கூடவே அழைத்துக்கொள்ளலாம்.

அணித்தலைவர் மட்டுமே நடுவரிடம் வந்து பேசலாம் என்ற ஏற்பாட்டை 2024 யூரோ கோப்பையில் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபா நடைமுறைப்படுத்தியது. இப்போது போட்டி அமைப்பாளர்கள் விரும்பினால் பின்பற்றக்கூடிய வழிகாட்டுதலாக விதிப்புத்தகத்திலும் அது இடம்பெற்றிருக்கிறது. நமது மாவட்டப் போட்டிகளில் இது கட்டாயமாக இல்லாவிட்டாலும், டாஸ் போடும்போதே இரு அணித்தலைவர்களிடமும் “கேள்வி இருந்தால் நீங்கள் வாருங்கள், மற்றவர்களை நிறுத்தி வையுங்கள்” என்று சொல்லிவிட்டால் பாதிக் கூச்சல் குறைந்துவிடும்.

இந்தப் படிகள் எல்லாம் கட்டாய அட்டைக்கு மாற்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கட்டாயமாக அட்டை தர வேண்டிய குற்றத்தைப் பேச்சால் முடித்துவிட நடுவருக்கு உரிமையில்லை. ஆட்டம் தொடங்கி இரண்டே நிமிடம்தான் ஆகிறது என்பதோ, அவர் நல்ல பையன் என்பதோ காரணமாகாது.

மூன்றாம் படி: தப்பாட்டத்தை எடை போடுதல்

இதுதான் நடுவர் கலையின் மையம் என்பதால் இங்கே சற்று நிதானிப்போம். எதிரணியினருடன் உடல் தொடர்பு கொள்ளும் தப்பாட்டங்களை விதி மூன்று தரங்களாகப் பிரிக்கிறது. முதலாவது கவனக்குறைவு: வீரர் போதிய கவனமோ முன்னெச்சரிக்கையோ இல்லாமல் காலை நீட்டிவிட்டார். ஃப்ரீ கிக் போதும், அட்டை இல்லை. இரண்டாவது பொறுப்பற்ற ஆட்டம்: எதிரில் உள்ளவருக்கு ஆபத்து நேருமே, இதன் விளைவு என்னவாகுமோ என்று பொருட்படுத்தாமல் ஆடுவது. இதற்கு மஞ்சள். மூன்றாவது மிதமிஞ்சிய பலம்: தேவைக்கு மேலான விசையைப் பயன்படுத்துவது, அல்லது எதிராளியின் பாதுகாப்பையே ஆபத்துக்குள்ளாக்குவது. இதற்குச் சிவப்பு.

எழுத்தில் இந்த மூன்றும் தெளிவாக இருக்கின்றன. மைதானத்தில் அரை நொடிக்குள் பிரித்தறிய வேண்டும். அதற்கு நான் பார்க்கும் அடையாளங்கள் இவை: வந்த வேகம் எவ்வளவு, எவ்வளவு தொலைவிலிருந்து பாய்ந்தார், கால் தரையில் இருந்ததா, காற்றில் இருந்ததா, ஷூவின் அடியிலுள்ள குமிழ்களான ஸ்டட்கள் தெரியும்படி பாதம் எதிராளியை நோக்கி இருந்ததா, தொடர்பு பாதத்திலா, கணுக்காலிலா, முழங்காலிலா, முட்டி மடங்கியிருந்ததா, விறைத்து நின்றதா, பந்தை எட்டிப் பிடிக்க உண்மையில் வாய்ப்பு இருந்ததா. “நான் பந்தைத்தான் தொட்டேன் சார்” என்று வீரர் சொல்வார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். பந்தைத் தொட்டுவிட்டு அதே விசையில் எதிராளியின் கணுக்காலை நசுக்கினால் அது சிவப்புதான். பந்தைத் தொட்டது அவரைக் காப்பாற்றாது.

இந்த இடத்தில் 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை நினைவுகூர வேண்டும். நெதர்லாந்தின் நைஜல் டி யோங், ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் மார்பில் காலால் உதைத்தார். இங்கிலாந்து நடுவர் ஹாவர்ட் வெப் மஞ்சள் காட்டினார். முழுக் காட்சியும் தமக்குத் தெரியும் கோணம் அந்தக் கணத்தில் கிடைக்கவில்லை என்றும், அது சிவப்பாக இருந்திருக்க வேண்டும் என்றும் அவரே பின்னர் சொன்னார். உலகின் மிகச் சிறந்த நடுவர்களில் ஒருவருக்கே இது நேர்ந்தது என்றால், நமக்கு அது சொல்லும் பாடம் விதியைப் பற்றியதல்ல, நிற்குமிடத்தைப் பற்றியது. பந்துக்கும் வீரர்களுக்கும் நேர்க்கோட்டில் நின்றால் முதுகுகள்தான் தெரியும். சற்றே பக்கவாட்டில் நகர்ந்து, இருவருக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பார்க்கும் கோணத்தில் நில்லுங்கள்.

பந்துக்கான போட்டி நடக்கும்போது மிதமிஞ்சிய பலத்தைக் காட்டினால் அதைக் கடும் தப்பாட்டம் என்று பதிகிறோம். பந்துக்கான போட்டி இல்லாத நேரத்தில் ஒருவரைத் தாக்கினாலோ, தாக்க முயன்றாலோ அது வன்முறை. அடி பட்டதா இல்லையா என்பது பொருட்டல்ல. தாக்கப்பட்டவர் எதிரணியினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சொந்த அணியினர், நடுவர், பார்வையாளர் எவராயினும் அதே குற்றம்தான். 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரான்சின் ஸிதான் தலையால் இத்தாலியின் மாத்தராஸியின் மார்பில் முட்டியது இந்த வகை. நடுவர் எலிசோந்தோ அதைப் பார்க்கவில்லை. நான்காவது நடுவர் மெதினா கந்தலேஹோ பார்த்துத் தெரிவித்தார். சக நடுவர்கள் நான்கு கண்களாக இல்லாவிட்டால் பந்திலிருந்து விலகி நடக்கும் வன்முறை தப்பிவிடும்.

நான்காம் படி: கோல் வாய்ப்பைப் பறித்தலும் தாக்குதலை முறித்தலும்

எதிரணியின் உறுதியான கோல் வாய்ப்பைத் தப்பாட்டத்தால் பறித்தால் சிவப்பு. நம்பிக்கையளிக்கும் தாக்குதலை, அதாவது கோலை நோக்கிய முன்னேற்றத்தை, முறித்தால் மஞ்சள். வாய்ப்பு உறுதியானதா என்று தீர்மானிக்க நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்: தப்பாட்டம் நடந்த இடத்துக்கும் கோலுக்கும் எவ்வளவு தூரம், ஆட்டம் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது, தாக்குபவர் பந்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க அல்லது பெற வாய்ப்பு எவ்வளவு, தடுப்பாட்டக்காரர்கள் எங்கே, எத்தனை பேர். “கடைசி ஆள்தானே பிடித்தார், சிவப்பு கொடுங்கள்” என்று வெளியிலிருந்து கத்துவார்கள். கடைசி ஆள் என்ற சொல்லே விதியில் இல்லை.

வெம்ப்ளியில் 2021 ஜூலை 11 அன்று நடந்த யூரோ இறுதியில், இத்தாலியின் கியெல்லீனி இங்கிலாந்தின் சாகாவைச் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பார்க்க அவ்வளவு அப்பட்டமாக இருந்தாலும் நடுவர் பியோர்ன் கய்ப்பர்ஸ் மஞ்சளோடு நிறுத்தினார். நான்கு கேள்விகளையும் வரிசையாகக் கேட்டுப் பார்த்தால் அது சரி என்பது புரியும். இழுத்த இடம் பக்கக் கோட்டை ஒட்டி, கோலிலிருந்து வெகு தொலைவில் இருந்தது. இழுத்த விதம் எவ்வளவு அசிங்கமாக இருந்தது என்பது அந்த நான்கு கேள்விகளில் ஒன்றாக இல்லை.

பெனால்டி பகுதிக்குள் நிலைமை மாறுகிறது. 2016 வரை, பெனால்டி, சிவப்பு, அடுத்த ஆட்டத்தில் தடை என மூன்று தண்டனைகள் ஒன்றாக விழுந்தன. இது மிகை என்று உணர்ந்து, பெனால்டி வழங்கப்பட்ட தப்பாட்டம் பந்தை ஆட முயன்றபோது நடந்திருந்தால் மஞ்சள் போதும் என்று அப்போது மாற்றினார்கள். பிடித்து இழுத்தல், தள்ளுதல், பந்தை எட்டவே முடியாத நிலையில் காலை வாருதல் ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதே நியாயத்தின் தொடர்ச்சியாக, பந்தை ஆட முயன்று பெனால்டி பகுதிக்குள் வெறும் தாக்குதலை மட்டுமே முறித்து, பெனால்டி கொடுக்கப்பட்டால் மஞ்சளும் இல்லை.

கையால் தடுப்பதில் வேண்டுமென்றே செய்தாரா என்பதுதான் முக்கியம். 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில், கூடுதல் நேரத்தின் கடைசிக் கணத்தில், கோல் கோட்டில் நின்று கானாவின் கோலைக் கையால் தடுத்த உருகுவேயின் லூயிஸ் சுவாரஸ் சிவப்பு பெற்று வெளியேறினார். அதற்காகக் கிடைத்த பெனால்டியைக் கானாவின் கியான் மேல்கம்பத்தில் அடித்தார். உருகுவே பின்னர் பெனால்டி வரிசையில் வென்றது. இன்றும் பலருக்கு அது ஆறாத மனக்குறை. ஆனால் நடுவர் செய்யக்கூடியது அவ்வளவுதான், அதை அவர் சரியாகவே செய்தார். வேண்டுமென்றே அல்லாத கைபடுதல் பெனால்டி பகுதிக்குள் கோலைத் தடுத்தால், 2024-25 முதல் மஞ்சள் மட்டுமே.

ஐந்தாம் படி: உடல் படாத குற்றங்கள்

மஞ்சள் அட்டைகளில் பல உடல் மோதலே இல்லாமல் வருகின்றன. பந்தை உதைத்து விலக்கி ஆட்டம் மறுபடி தொடங்குவதைத் தாமதப்படுத்துவது; த்ரோ-இன் எறிவதுபோல் வந்து கடைசியில் அடுத்தவரிடம் விட்டுவிட்டுப் போவது; ஃப்ரீ கிக், கார்னர் ஆகியவற்றில் 9.15 மீட்டரும் த்ரோ-இன்னில் 2 மீட்டரும் விலகாமல் நிற்பது. அனுமதி இல்லாமல் உள்ளே வருவது, வேண்டுமென்றே வெளியே போவது. காயம் பட்டதுபோல் விழுந்து நடிப்பது. எதிராளியின் கவனத்தைக் குரல் கொடுத்துச் சிதறடிப்பது. விஏஆர் எனப்படும் காணொளி மறுஆய்வைப் பார்க்கச் சொல்லி மீண்டும் மீண்டும் சைகை காட்டுவது. கோல் அடித்தவர் சட்டையைக் கழற்றினால் மஞ்சள். அந்தக் கோல் பிறகு ரத்தானாலும் மஞ்சள் ரத்தாகாது. தொடர்ந்து தப்பாட்டம் ஆடுவோருக்கு இத்தனையாவது முறை என்ற எண் எதுவும் விதியில் இல்லை. மூன்றா ஐந்தா என்பதை அவற்றின் நேர நெருக்கமும் தன்மையும் தீர்மானிக்கும். ஒரே வீரரை எதிரணியில் நான்கு பேர் மாறி மாறி அடிப்பதையும் கவனித்து, அணித்தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நடுவரின் முடிவை எதிர்த்துச் சொல்லாலோ செயலாலோ காட்டும் எதிர்ப்புக்கு மஞ்சள். ஆபாசமான, இழிவுபடுத்தும் சொல்லுக்கும் சைகைக்கும் சிவப்பு. இவ்விரண்டுக்கும் இடையிலான கோடு மொழியைப் பொறுத்தது என்பதால், இங்கே நம் காதுதான் விதிப்புத்தகம். “கண்ணு தெரியலையா ரெஃப்ரி” என்பது எதிர்ப்பு. தாயையோ சாதியையோ இழுத்துப் பேசும் சொல் எதிர்ப்பல்ல, அது வெளியேற்றம். மைதானத்தில் சாதிப் பெயர் வசவாக விழும்போது காது கேட்காததுபோல் ஓடிப்போகும் நடுவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஓடிப்போனால், அந்தச் சொல்லைக் கேட்ட வீரருக்கு இந்த மைதானத்தில் பாதுகாப்பு இல்லை என்று நாமே சொல்லிவிடுகிறோம்.

பள்ளி, முதியோர், உள்ளூர்ப் போட்டிகளில் அமைப்பாளர்கள் விரும்பினால், மஞ்சளோடு தற்காலிக வெளியேற்றத்தையும் வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. மொத்த ஆட்ட நேரத்தில் 10 முதல் 15 விழுக்காடு வரை அவர் வெளியே இருக்க வேண்டும். 90 நிமிட ஆட்டத்தில் பொதுவாகப் பத்து நிமிடம். இங்கிலாந்துச் சங்கம் 2019-20 பருவத்திலிருந்து எதிர்ப்புக் குற்றத்துக்காக இதை உள்ளூர் ஆட்டங்களில் பயன்படுத்தி வருகிறது.

ஆறாம் படி: அட்டை காட்டும் முறை

முடிவு எடுத்தபின் அவசரம் வேண்டாம். விசில், நின்ற இடத்திலிருந்து வீரரை நோக்கி நிதானமான நடை, மற்றவர்களை விலகச் சொல்லும் கை. ஒரு வீரரைத் தனிமைப்படுத்தாமல் அட்டை எடுத்தால், யாருக்கு என்பதில் குழப்பம் வரும். சுற்றி நிற்பவர்களின் கோபமும் சேர்ந்துகொள்ளும். அவருக்கும் உங்களுக்கும் இடையே இரண்டு கை நீள இடைவெளி இருக்கட்டும். முகத்துக்கு நேராக நீட்டுவது அவமதிப்பு. அட்டை தலைக்கு மேலே நேராக உயர வேண்டும். காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: “பின்னாலிருந்து காலை வாரியதற்கு மஞ்சள்.” விவாதம் வேண்டாம்.

முதலில் எழுதுவதா, முதலில் காட்டுவதா என்ற கேள்வி எப்போதும் எழும். மைதானம் அமைதியாக இருந்தால் எழுதிவிட்டுக் காட்டுங்கள். ஆட்கள் கூடும் நிலையில் முதலில் காட்டிவிடுங்கள். சரியான நேரத்தில் உயரும் அட்டை, பழிவாங்க ஓடி வருபவரின் கால்களை நிறுத்தும். பெருங்கூட்டமாகக் கைகலப்பு மூண்டால் நடுவே புகாமல், பின்வாங்கி, எண்களை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். அருகிலுள்ள துணை நடுவர் ஒரு பக்கத்தையும் மற்றவர் இன்னொரு பக்கத்தையும் கவனிப்பார்கள். யார் ஆரம்பித்தது, யார் மூன்றாவதாக ஓடி வந்தது என்று பார்த்த பிறகே பையில் கை போக வேண்டும்.

இரண்டாம் மஞ்சள் என்றால் முதலில் மஞ்சளையும் உடனே சிவப்பையும் காட்ட வேண்டும். இங்கேதான் பதிவின் அருமை தெரிகிறது. 2006 உலகக் கோப்பையில், ஜூன் 22 அன்று ஸ்டுட்கார்ட்டில் குரோஷியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடின. நடுவர் கிரஹாம் போல், குரோஷியாவின் 3-ஆம் எண் யோசிப் ஷிமூனிச்சுக்கு 61-ஆவது நிமிடத்தில் மஞ்சள் காட்டினார். 90-ஆவது நிமிடத்தில் இரண்டாவது மஞ்சள் காட்டி, அதைத் தவறுதலாக ஆஸ்திரேலியாவின் 3-ஆம் எண் பக்கத்தில் எழுதிவிட்டார். எனவே ஷிமூனிச் வெளியேறவில்லை. ஆட்ட முடிவில் மூன்றாவது மஞ்சளுக்குப் பிறகே சிவப்பு வந்தது. அந்தப் பிழைக்குப் பின் போலுக்கு அந்த உலகக் கோப்பையில் வேறு ஆட்டம் தரப்படவில்லை. துணை நடுவர்கள் இருவரும் நான்காவது நடுவரும் தனித்தனியே எழுதி வைத்திருந்தால் அந்தக் கணத்திலேயே பிழை பிடிபட்டிருக்கும்.

எனக்கும் அதே மாதிரி ஒன்று நடந்தது. ஒரு மாவட்ட லீக் ஆட்டம். ஒரு அணிக்குக் கருநீலச் சட்டை, மற்றதற்குக் கறுப்பு. மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. நான் 6-ஆம் எண்ணைத் தவறான பக்கத்தில் எழுதினேன். பக்கக் கோட்டில் கொடி பிடித்திருந்த துணை நடுவர், என் பென்சில் எந்தப் பாதியில் நகர்ந்தது என்பதைப் பார்த்துவிட்டு, ஆட்டம் மறுபடி தொடங்கும் முன் கொடியை உயர்த்தி நிறுத்தினார். அன்றிலிருந்து எழுதியதும் அணி நிறத்தையும் எண்ணையும் வாய்விட்டு உச்சரித்து, துணை நடுவர் தலையசைத்த பின்னரே விசில் ஊதுகிறேன். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் எப்படித் தொடங்குவது என்ற முடிவை மாற்ற முடியாது. அதற்கு முன்னால் எதையும் திருத்தலாம்.

பெரிய போட்டிகளில் விஏஆர் உதவுகிறது என்றாலும், 2025-26 விதிப்படி அட்டைகளைப் பொறுத்தவரை அது நேரடிச் சிவப்பையும் ஆள் மாறாட்டத்தையும் மட்டுமே பார்க்கும். சாதாரண மஞ்சளையும் இரண்டாம் மஞ்சளையும் பார்க்காது. நம் மைதானங்களிலோ உங்கள் பென்சில்தான் விஏஆர்.

காயம்பட்டவர் குறித்து ஒரு நுணுக்கம் உண்டு. பொதுவாகச் சிகிச்சை பெற்றவர் வெளியே போய்த்தான் திரும்ப வேண்டும். ஆனால் அவரைக் காயப்படுத்தியவருக்கு அந்தத் தப்பாட்டத்துக்காக மஞ்சளோ சிவப்போ காட்டப்பட்டிருந்து, சிகிச்சையும் விரைவில் முடிந்தால், அவர் வெளியேற வேண்டியதில்லை. அடித்தவர் உள்ளே நிற்க, அடிபட்டவர் கோட்டுக்கு வெளியே காத்திருக்கும் அநியாயத்தை இது போக்கியது.

ஏழாம் படி: ஆட்டத்தை ஓடவிட்ட பின்

தப்பாட்டம் நடந்தும் தாக்குதல் தொடர்வதால் விசில் ஊதாமல் ஆட்டத்தை ஓடவிட்டால், அதாவது அட்வான்டேஜ் கொடுத்தால், அட்டையை மறந்துவிடக் கூடாது; பந்து அடுத்து வெளியே போகும்போது காட்ட வேண்டும். இரண்டு விதிவிலக்குகள் மட்டும்: தாக்குதலை முறிக்க முயன்றும் தாக்குதல் தொடர்ந்தது என்றால் மஞ்சள் கிடையாது; உறுதியான கோல் வாய்ப்பைப் பறிக்க முயன்றும் ஆட்டம் தொடர்ந்தது என்றால், கோல் விழுந்தாலும் விழாவிட்டாலும் சிவப்புக்குப் பதில் மஞ்சள். முறிப்பதுதான் குற்றம், முறியவில்லையே என்பது இதன் நியாயம். அந்தத் தப்பாட்டமே பொறுப்பற்றதாகவும் இருந்தால், பொறுப்பற்ற ஆட்டத்துக்கான மஞ்சள் அப்படியே நிற்கும்.

கடும் தப்பாட்டம், வன்முறை, இரண்டாம் மஞ்சளுக்கான குற்றம் ஆகியவற்றில், தெளிவான கோல் வாய்ப்பு இருந்தாலன்றி அட்வான்டேஜ் கொடுக்காதீர்கள். வெளியேற வேண்டியவர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நொடியும் ஆபத்து. எதிரணி விரைவாக ஃப்ரீ கிக் எடுத்துத் தெளிவான கோல் வாய்ப்பைப் பெற்றிருந்து, நீங்கள் அட்டை நடைமுறையைத் தொடங்கியிருக்காவிட்டால், ஆட்டத்தை விட்டுவிட்டு அடுத்த நிறுத்தத்தில் அட்டை காட்டலாம். கை பைக்குப் போய்விட்டது என்றால் ஆட்டம் காத்திருக்கத்தான் வேண்டும்.

எட்டாம் படி: பெஞ்சில் இருப்பவர்கள்

2019-20 முதல் பயிற்சியாளர்களுக்கும் மற்ற அணி அலுவலர்களுக்கும் அட்டை காட்டலாம். யார் கத்தியது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், பெஞ்சில் உள்ள மூத்த பயிற்சியாளர் அந்த அட்டையை ஏற்க வேண்டும். வெளியேற்றப்பட வேண்டியவர் அணியின் மருத்துவராகவோ முதலுதவியாளராகவோ இருந்து, அணியில் வேறு மருத்துவ உதவியாளர் இல்லையென்றால், அவர் அங்கேயே இருந்து வீரர்களுக்குச் சிகிச்சை அளிக்க அனுமதிக்கலாம். உள்ளூர் ஆட்டங்களில் அந்த ஒரு பெட்டியும் அந்த ஒரு ஆளும்தான் இருப்பார்கள் என்பதால் இதை மறக்காதீர்கள்.

ஒன்பதாம் படி: மைதானத்துக்குப் பின்

அட்டையின் விளைவு அந்த 90 நிமிடத்தோடு முடிவதில்லை. எத்தனை மஞ்சளுக்கு எத்தனை ஆட்டத் தடை என்பதை விதிப்புத்தகம் சொல்வதில்லை. ஒவ்வொரு போட்டி அமைப்பும் தனக்கென வகுத்துக்கொள்கிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஓர் அணியின் முதல் 19 ஆட்டங்களுக்குள் ஐந்து மஞ்சள் பெற்றவருக்கு ஓர் ஆட்டத் தடை. 2002 உலகக் கோப்பை அரையிறுதியில், தென் கொரியாவின் தாக்குதலை முறித்ததற்காக ஜெர்மனியின் மிக்கேல் பாலாக் மஞ்சள் பெற்றார். சில நிமிடங்களில் அவரே வெற்றிக் கோலையும் அடித்தார். முந்தைய மஞ்சளோடு சேர்ந்ததால் இறுதியாட்டத்தில் ஆட முடியவில்லை. 2010 உலகக் கோப்பை முதல், காலிறுதிக்குப் பின் ஒற்றை மஞ்சள்கள் அழிக்கப்படும் ஏற்பாடு வந்தது. 2018 உலகக் கோப்பையில் புள்ளி, கோல் கணக்கு, நேருக்கு நேர் முடிவு என எல்லாமே சமமாக இருந்த ஜப்பானும் செனகலும் மஞ்சள் எண்ணிக்கையால் பிரிக்கப்பட்டன. நான்கு மஞ்சள் பெற்ற ஜப்பான் முன்னேறியது, ஆறு பெற்ற செனகல் வீடு திரும்பியது. சோம்பலில் பதியாமல் விட்ட ஒரு மஞ்சள் இன்னொரு அணியின் பயணத்தை முடித்துவிடக்கூடும்.

எனவே அறிக்கையை அன்று இரவே எழுதுங்கள். ஆட்டம் முடிந்தவுடன் உடைமாற்றும் அறையில் துணை நடுவர்களோடு உட்கார்ந்து மூன்று பதிவுகளையும் ஒப்பிட வேண்டும். அறிக்கையில் “மோசமாக நடந்துகொண்டார்” போன்ற தீர்ப்புச் சொற்கள் பயன்தராது. ஒழுங்குக் குழுவில் இருப்பவர்கள் மைதானத்தில் இல்லை, அவர்களுக்குப் படம் வேண்டும். நான் எழுதும் முறை இது: “67-ஆம் நிமிடத்தில், பந்து மைதானத்தின் எதிர்ப்பாதியில் இருந்தபோது, நீல அணியின் 4-ஆம் எண் வீரர், வெள்ளை அணியின் 10-ஆம் எண் வீரரின் முகத்தில் திறந்த கையால் அறைந்தார். நான் சுமார் 12 மீட்டர் தொலைவில், மறைப்பின்றிப் பார்த்தேன். வன்முறைக்காக அவரை வெளியேற்றினேன். அவர் மறுப்பின்றி உடனே வெளியேறினார். வெள்ளை அணியின் நேரடி ஃப்ரீ கிக்கோடு ஆட்டம் தொடர்ந்தது.” வசவுச் சொல்லுக்காக வெளியேற்றியிருந்தால், கூச்சப்படாமல் அந்தச் சொல்லை அப்படியே எழுத வேண்டும், “தகாத வார்த்தை” என்று எழுதினால் தடையின் அளவைக் குழுவால் தீர்மானிக்க முடியாது. அவர் உடனே வெளியேறினாரா, தாமதித்தாரா, போகும்போது ஏதும் சொன்னாரா என்பதையும் சேர்த்து எழுதி, கையெழுத்திடும் முன் துணை நடுவர்களிடம் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.